ஐந்து மாதம் கழித்து ‘மேஜர் ரிவிஷன்’: அடுத்து என்ன?

கேள்வி: தென் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மகப்பேறு துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். விரல் நுனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் காட்டும் கையடக்கக் கருவியையும் லேப்பில் உள்ள ஆட்டோ அனலைசரையும் 120 கர்ப்பிணிகளிடம் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுப் பட்டியலில் இடம்பெறும் ஒரு ஜர்னலுக்கு அனுப்பி ஐந்து மாதம் கழித்து ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தம் தேவை) என்று பதில் வந்திருக்கிறது. முதல் ரிவ்யூவர் (கட்டுரையைச் சோதிக்கும் துறை வல்லுநர்) இரண்டே வரியில் பாராட்டிவிட்டு, முடிவுகளை அலசும் பகுதியான டிஸ்கஷனை விரிவாக்கச் சொல்கிறார். இரண்டாமவர் 14 குறைகள் சொல்லி, அதே டிஸ்கஷனைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். கோரிலேஷன் (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் கணக்கு) போட்டது தவறு என்கிறார். ஒரே ஆளின் நான்கு கட்டுரைகளை மேற்கோள் காட்டவும் சொல்கிறார். மூன்றாமவர் சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கிறார். 45 நாள் அவகாசம். “பெரிய மருத்துவ ஜர்னலான லான்செட்டிலேயே பொய்க் கட்டுரை வந்தது, பியர் ரிவ்யூ (சக வல்லுநர்களின் சோதனை) எல்லாம் சடங்கு, வாபஸ் வாங்கிவிட்டுப் பத்து நாளில் போடும் ஜர்னலுக்குப் பணம் கட்டி அனுப்பு” என்கிறார் ஒரு சீனியர். இந்த ரிவிஷனிலேயே துறைத் தலைவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது? நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

மேஜர் ரிவிஷன் நல்ல செய்தி. கட்டுரை வேண்டாம் என்று எடிட்டர் முடிவு செய்திருந்தால் அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வரி போதும். மூன்று பேரின் குறிப்புகளைத் தொகுத்து 45 நாள் கொடுத்திருக்கிறார் என்றால், சரிசெய்து தந்தால் போடலாம் என்று அவர் நினைக்கிறார். கட்டாயம் போடுவார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் வாபஸ் வாங்க வேண்டிய இடம் இதுவல்ல.

கட்டுரையின் பயணத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ஐந்து மாதம் எங்கே போனது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சப்மிட் செய்ததும் கட்டுரை முதலில் ஜர்னல் அலுவலகத்தில் நிற்கும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதம் இருக்கிறதா, அதன் தேதி முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முந்தையதா, எல்லாக் கட்டுரையாளர்களும் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்களா, டேபிள்கள் படமாக ஒட்டப்படாமல் டைப் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஐதென்டிகேட் போன்ற மென்பொருளில் போட்டு மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகும் வரிகளைத் தேடுவதும் இங்கேதான். ஆய்வு செய்த விதத்தைச் சொல்லும் மெத்தட்ஸில் சில வரிகள் ஒத்துப்போனால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டிஸ்கஷனில் ஒரு பத்தி அப்படியே இருந்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

கட்டுரையாளர் யார் என்று ரிவ்யூவருக்கும், ரிவ்யூவர் யார் என்று கட்டுரையாளருக்கும் தெரியாத ‘டபுள் பிளைண்ட்’ முறையை நம் நாட்டு ஜர்னல்கள் பல பின்பற்றுகின்றன. அதனால்தான் பெயர்கள் உள்ள முதல் பக்கத்தைத் தனி ஃபைலாகக் கேட்கிறார்கள். பலர் பெயரை எடுத்துவிட்டு, மெத்தட்ஸில் கல்லூரியின் பெயரை விட்டுவிடுவார்கள். வேர்டு ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் சொந்தப் பெயர் அப்படியே இருக்கும். இப்படி ஒரு ஃபைல் திரும்பி வந்து மறுபடி போனாலே பத்து நாள் கரைந்துவிடும். எல்லா ஜர்னலிலும் இந்த முறைதான் என்றும் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஜர்னலான பிஎம்ஜே 1999 முதல் ரிவ்யூவரின் பெயரைக் கட்டுரையாளருக்குச் சொல்லிவிடுகிறது. 2014 முதல் ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு ரிவ்யூவர்களின் அறிக்கைகளையும் இணையத்தில் வெளியிடுகிறது. நேரம் கிடைத்தால் அவற்றில் நாலைந்தைப் படியுங்கள். நல்ல கேள்விக்கு நல்ல பதில் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அலுவலகத்தைத் தாண்டினால் எடிட்டர். அவர் எடுத்த எடுப்பில் முழுக் கட்டுரையையும் படிக்க மாட்டார். அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்), மெத்தட்ஸ், டேபிள்கள், கடைசிப் பத்தி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இந்தக் கேள்வி தன் வாசகர்களுக்குத் தேவையா, இந்த ஸ்டடி டிசைன் அந்தக் கேள்விக்குப் பதில் தருமா என்று யோசிப்பார். இல்லை என்றால் வெளியே அனுப்பாமலே திருப்பிவிடுவார். பெரிய ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி இங்கேயே திரும்பிவிடுகிறது. உங்கள் கட்டுரை இதைத் தாண்டியிருக்கிறது.

அடுத்தது ரிவ்யூவர் தேடல். மாதங்கள் கரைவது இங்கேதான். உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியல், பப்மெட், ஜர்னலின் சொந்தப் பட்டியல் ஆகியவற்றிலிருந்து எடிட்டர் பெயர்களை எடுத்து அழைப்பு அனுப்புகிறார். அவர்கள் எல்லாரும் உங்களைப்போல ஓபி, வார்டு, வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எட்டுப் பேரைக் கேட்டால் இரண்டு பேர் ஒப்புக்கொள்வது சாதாரணம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வாரம் காத்திருப்பு, ஒப்புக்கொண்டவருக்கு இரண்டு அல்லது மூன்று வாரக் கெடு, பிறகு நினைவூட்டல், நடுவில் ஒருவர் கைவிட்டால் மறுபடி தேடல். வெப்சைட்டில் ‘அண்டர் ரிவ்யூ’ என்று காட்டிய நாட்களில் பாதி, உங்கள் கட்டுரையை யாருமே படிக்காத நாட்களாக இருந்திருக்கலாம்.

ரிவ்யூவர் பெயர்களை நீங்களே பரிந்துரைக்கச் சில ஜர்னல்கள் இடம் தரும். தரும்போது கல்லூரி அல்லது நிறுவன இமெயிலையே கொடுங்கள். பொய் இமெயில் உருவாக்கித் தங்கள் கட்டுரையைத் தாங்களே ரிவ்யூ செய்துகொண்டவர்கள் உண்டு. அந்த மாதிரி மோசடி வெளிப்பட்டு 2015-இல் பயோமெட் சென்ட்ரல் என்ற பதிப்பகம் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதிலிருந்து ஜிமெயில் முகவரியைக் கண்டாலே எடிட்டர்கள் யோசிக்கிறார்கள்.

ஒப்புக்கொண்ட ரிவ்யூவருக்கு வரும் படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் எழுதுவது உங்களுக்கு வரும். இன்னொன்று எடிட்டரின் கண்ணுக்கு மட்டும். உங்களிடம் மென்மையாக எழுதிவிட்டு, “டேட்டா எனக்கு நம்பிக்கை தரவில்லை” என்று இரண்டாவது பெட்டியில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கலாம், சிறு திருத்தம், பெரிய திருத்தம், நிராகரி என்று ஒரு சிபாரிசையும் அவர்கள் தேர்வு செய்வார்கள்.

இது ஓட்டெடுப்பு இல்லை. மூன்றில் இரண்டு பேர் ‘ஏற்கலாம்’ என்றாலும் மூன்றாமவர் காட்டும் ஒரு பிழை சரியாக இருந்தால் எடிட்டர் அவர் பக்கம்தான் நிற்பார். முதல் ரிவ்யூவரின் இரண்டு வரிப் பாராட்டுக்கு எடிட்டர் மேஜையில் ஏறக்குறைய மதிப்பே இல்லை. படித்ததற்கு அதில் அடையாளம் இல்லை. 14 குறை எழுதியவர்தான் உங்கள் கட்டுரைக்காக ஒரு மாலையைச் செலவழித்தவர். அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் பதில் கடிதத்தை முதலில் படித்து, அதைத் திரும்ப ரிவ்யூவர்களுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் எடிட்டர். கடிதம் முழுவதையும் அவரை மனதில் வைத்து எழுதுங்கள்.

இனி குறைகளுக்கு வருவோம். மிக முக்கியமானது கோரிலேஷன் பற்றியது. அதில் இரண்டாமவர் சொல்வது முழுக்கச் சரி. மற்ற எதைத் திருத்தினாலும் இதைத் திருத்தாவிட்டால் கட்டுரை தேறாது.

எப்போதும் பத்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரம் சரியான கடிகாரத்தோடு முழுக் கோரிலேஷனில் இருக்கும். அதை நம்பிப் போனால் நேரம் தப்பும். உங்கள் கருவி ஒவ்வொரு பெண்ணுக்கும் 2 கிராம் கூடுதலாகக் காட்டினாலும் கோரிலேஷன் 1 என்றே வரும். தவிர, 6 கிராம் உள்ளவரையும் 14 கிராம் உள்ளவரையும் சேர்த்துக்கொண்டால் கோரிலேஷன் தானாகவே ஏறிவிடும். இரண்டு கருவிகளும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதற்குக் கோரிலேஷன் பதில் சொல்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட்டில் இதை விளக்கி எழுதியதிலிருந்து, இரண்டு அளவு முறைகளை ஒப்பிடும் கட்டுரை எது வந்தாலும் ரிவ்யூவர் தேடுவது அவர்களின் முறையைத்தான்.

செய்வது எளிது. எக்செல்லில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கருவி அளவிலிருந்து லேப் அளவைக் கழித்து ஒரு நெடுவரிசை, இரண்டின் சராசரிக்கு இன்னொரு நெடுவரிசை. வித்தியாசங்களின் சராசரியையும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனையும் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) எடுங்கள். சராசரியோடு 1.96 மடங்கு டீவியேஷனைக் கூட்டியும் கழித்தும் வருபவை மேல் எல்லையும் கீழ் எல்லையும். பிறகு படுக்கை அச்சில் சராசரியும் நிமிர்ந்த அச்சில் வித்தியாசமுமாக ஒரு வரைபடம். புள்ளிகள் இடப்பக்கம் குறுகி வலப்பக்கம் விரிந்தால், ஹீமோகுளோபின் கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறது என்று பொருள். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

எண்ணால் பார்த்தால் விஷயம் உறைக்கும். உதாரணத்துக்கு, சராசரி வித்தியாசம் கூடுதல் 0.8 கிராம், டீவியேஷன் 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைகள் ஏறக்குறைய மைனஸ் 1.0-இலிருந்து பிளஸ் 2.6 வரை வரும். லேப்பில் 9.5 கிராம் உள்ள கர்ப்பிணிக்கு உங்கள் கருவி 8.5 என்றும் காட்டலாம், 12.1 என்றும் காட்டலாம். 11-க்குக் கீழே ரத்தசோகை என்று வைத்துச் சிகிச்சை தரும் இடத்தில், 12.1 என்று காட்டப்பட்ட அந்தப் பெண் சிகிச்சைக்கான மாத்திரை இல்லாமல் வீட்டுக்குப் போவாள். இதே டேட்டாவில் கோரிலேஷன் 0.9-ஐ ஒட்டிக்கூட வந்திருக்கலாம். ரிவ்யூவர் கவலைப்படுவது இந்தப் பெண்ணைப் பற்றி. உங்கள் எண்கள் இதைவிட நன்றாக இருந்தால் மகிழ்ச்சி. எப்படி இருந்தாலும் அவற்றைப் போடுங்கள்.

கூடவே 11 கிராம், 7 கிராம் என்ற இரு எல்லைகளில் இரண்டுக்கு இரண்டு டேபிள் போட்டு, சென்சிடிவிட்டி (ரத்தசோகை உள்ளவர்களைச் சரியாகப் பிடிக்கும் விகிதம்), ஸ்பெசிஃபிசிட்டி (இல்லாதவர்களை இல்லை என்று காட்டும் விகிதம்) இரண்டையும் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலோடு (விடை எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று காட்டும் வீச்சு) தாருங்கள். பரிசோதனைக் கருவிகளின் துல்லியம் பற்றிய கட்டுரைகளுக்கென்று ஸ்டார்ட் (STARD) என்ற 30 அம்சப் பட்டியல் இருக்கிறது. அதை நிரப்பிப் பக்க எண்ணோடு இணைத்தால் இரண்டாமவரின் 14 குறைகளில் சில தாமாகவே அடங்கிவிடும். விரல் ரத்தமும் சிரை ரத்தமும் எவ்வளவு இடைவெளியில் எடுக்கப்பட்டன, முதல் துளியைத் துடைத்தீர்களா, விரலைப் பிழிந்தார்களா, கருவியைக் கையாண்டவருக்கு லேப் முடிவு முன்பே தெரியுமா என்பவை அதில் வர வேண்டியவை. விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு குறையும். இதை எழுதாமல் விட்டால், வித்தியாசம் கருவியால் வந்ததா எடுத்த விதத்தால் வந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது.

இதெல்லாம் முடிந்ததும் முடிவுரை மாறும். “லேப் பரிசோதனைக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம்” என்று நீங்கள் எழுதியிருந்தால், எண்கள் தாங்குகிற அளவுக்கு அதை இறக்க வேண்டும். ஸ்கிரீனிங்குக்கு உதவும், இந்த அளவுக்குக் கீழே காட்டினால் லேப்பில் உறுதிசெய்ய வேண்டும் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருத்துவருக்கு இன்னும் பயனுள்ள வாக்கியம். அப்ஸ்ட்ராக்டின் கடைசி வரியையும் மாற்ற மறக்காதீர்கள். கட்டுரைக்குள் திருத்திவிட்டு அப்ஸ்ட்ராக்டைப் பழையபடி விட்டுவிடுவது ரிவிஷன்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

சாம்பிள் சைஸ் கேள்விக்கு ஒரே வழி, நடந்ததைச் சொல்வது. முன்கூட்டியே கணக்கிட்டிருந்தால் அந்தக் கணக்கைத் தாருங்கள். இல்லையென்றால், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை வந்து சம்மதித்த எல்லாரையும் சேர்த்தோம் என்று எழுதுங்கள். இப்போது ஃபார்முலாவைப் பின்னோக்கித் திருப்பி 120 வரும்படி கணக்குப் போடாதீர்கள். புள்ளியியல் ரிவ்யூவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார். அதன் பிறகு மற்ற எண்களையும் சந்தேகிப்பார். அதற்குப் பதில், 120 பேரை வைத்து உங்கள் விடை எவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது என்று காட்டுங்கள். மேலே சொன்ன எல்லைகளுக்கு ஸ்டாண்டர்ட் எரர் (கணக்கிட்ட எண்ணில் இருக்கக்கூடிய தடுமாற்றம்) ஏறக்குறைய டீவியேஷனை 3/n-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது; n என்பது பெண்களின் எண்ணிக்கை. டீவியேஷன் 0.9, n 120 என்றால் அது 0.14, எனவே ஒவ்வோர் எல்லையும் அதன் ஏறக்குறைய இரு மடங்கான 0.28 கிராம் மேலும் கீழும் போகலாம். ஹீமோகுளோபினுக்கு இது கௌரவமான துல்லியம். இந்த ஒரு வாக்கியம் மூன்றாமவரைத் திருப்திப்படுத்த வாய்ப்பு அதிகம்.

டிஸ்கஷனை ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் குறைக்கச் சொல்கிறார். முதலில் எடிட்டரின் கடிதத்தின் மேல் பகுதியைத் திரும்பப் படியுங்கள். முரண்பாடு இருந்தால் எது முக்கியம் என்று பல எடிட்டர்கள் அங்கேயே ஒரு வரி எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் குறைப்பதே நல்லது என்பது என் கருத்து: பிளாண்ட்–ஆல்ட்மன் பத்தி புதிதாக வருவதால் பழைய கோரிலேஷன் வாதங்கள் எல்லாம் தேவையற்றுப் போகும். முதலாமவர் கேட்ட விஷயம் குறிப்பாக எதுவென்று பார்த்து அதற்கு இரண்டு வரி சேர்த்தால் போதும்.

நான்கு மேற்கோள்கள் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். நான்கையும் எடுத்துப் படியுங்கள். ஒன்று உண்மையில் பொருந்தினால் சேருங்கள். பொருந்தாதவற்றை, “படித்துப் பார்த்தோம், எங்கள் கேள்வியோடு நேரடித் தொடர்பு இல்லாததால் சேர்க்கவில்லை” என்று நாகரிகமாகச் சொல்லி விட்டுவிடலாம். எடிட்டருக்கான கவர் லெட்டரில், ஒரே நபரின் நான்கு கட்டுரைகள் கேட்கப்பட்டதை ஒரு வரியில் தெரிவியுங்கள். மேற்கோளைக் கூட்டிக்கொள்ள ரிவ்யூவைப் பயன்படுத்துவது தவறு என்று கோப் (COPE) என்ற பதிப்பு நெறிமுறை அமைப்பு தெளிவாகவே சொல்கிறது. எடிட்டர்கள் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.

பதில் கடிதத்தின் வடிவம் இப்படி இருக்கட்டும். ரிவ்யூவரின் ஒவ்வொரு குறிப்பையும் சுருக்காமல் அப்படியே ஒட்டுங்கள். கீழே பதில், அதற்குக் கீழே கட்டுரையில் புதிதாக எழுதிய வாக்கியம், பக்க எண், வரி எண். ஒரு பத்தியில் மூன்று கேள்விகள் இருந்தால் மூன்றாகப் பிரித்து எண்ணிடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் தெரியாமல் விட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதப்போகிறீர்கள் என்றாலும் தொனி இதுதான்:

“குறிப்பு 2.3: இரு முறைகளை ஒப்பிடக் கோரிலேஷன் பொருத்தமல்ல. பதில்: ஏற்கிறோம். கோரிலேஷனை நீக்கிவிட்டு பிளாண்ட்–ஆல்ட்மன் முறையில் மீண்டும் கணக்கிட்டோம். சராசரி வித்தியாசமும் எல்லைகளும் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலோடு ரிசல்ட்ஸ் பகுதியில், பக்கம் 7, வரி 12 முதல் 19 வரை. புதிய படம் 2. இதற்கேற்ப முடிவுரையையும் மாற்றியிருக்கிறோம், பக்கம் 11, வரி 3.”

நன்றி, பாராட்டு எல்லாம் கடிதத்தின் தொடக்கத்தில் ஒரு முறை போதும். “திருத்தப்பட்டது” என்ற ஒற்றைச் சொல் பதில் எடிட்டரை எரிச்சலூட்டும், ஏனென்றால் அவர் தேட வேண்டியிருக்கிறது. இயலாத ஒன்றைக் கேட்டிருந்தால், உதாரணமாக இரண்டாவது முறை அளந்த டேட்டா உங்களிடம் இல்லையென்றால், இல்லை என்று சொல்லி அதை லிமிடேஷன்ஸில் எழுதுங்கள். ட்ராக் சேஞ்சஸ் உள்ள, அதாவது திருத்தங்கள் தெரியும் பிரதி ஒன்று, சுத்தமான பிரதி ஒன்று. வரி எண்கள் சுத்தமான பிரதியைச் சேர்ந்தவை என்று குறிப்பிடுங்கள். ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் ஜர்னல் கேட்கும் இடத்தில் அதை அறிவித்துவிடுங்கள்.

துறைத் தலைவர் பெயர் பற்றி. மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ வகுத்த நான்கு நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்றியவரே கட்டுரையாளர்: திட்டத்திலோ டேட்டாவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்துவதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. ரிவிஷனின்போது புதுப் பெயர் முளைத்தால் எடிட்டர் காரணம் கேட்பார், எல்லாருடைய கையெழுத்தும் கேட்பார். இந்தப் புதிய அனாலிசிஸில் அவர் உண்மையாகவே வேலை செய்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அதை எழுதிச் சேர்க்கலாம். துறையில் வசதி செய்து கொடுத்ததற்கு நன்றியுரை இருக்கிறது. அவரிடம் இந்த நிபந்தனைகளின் பிரிண்ட் அவுட்டைக் காட்டிப் பேசுவது, நீங்களாக மறுப்பதைவிடச் சுலபம்.

சீனியர் சொல்வதில் பாதி உண்மை. 2020 மே 22 அன்று கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுவின் மருந்து தருவது பற்றி லான்செட்டில் வந்த கட்டுரை, 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகள் என்று கணக்குக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் இறப்பு எண்ணிக்கை அரசுக் கணக்கோடு பொருந்தவில்லை என்று வெளியிலிருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். டேட்டாவைக் கொடுத்த நிறுவனம் மூல ஆவணங்களைச் சோதனைக்குத் தர மறுத்தது. ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ரிவ்யூவர்கள் அதைப் பிடிக்கவில்லை என்பது நிஜம். அவர்கள் பார்ப்பது உங்கள் கட்டுரையை மட்டும். உங்கள் வார்டு ரெஜிஸ்டரை அவர்கள் பார்ப்பதில்லை. எண்களை இட்டுக்கட்டினால் பியர் ரிவ்யூ பெரும்பாலும் ஏமாறும். நேர்மையான பிழைகளைக்கூட முழுதாகப் பிடிப்பதில்லை: பிஎம்ஜே ரிவ்யூவர்களுக்கு வேண்டுமென்றே ஒன்பது பெரிய பிழைகள் புகுத்திய கட்டுரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. சராசரியாக மூன்றைக்கூட அவர்கள் தொடவில்லை.

அப்படியும் உங்கள் கட்டுரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். மேலே சொன்ன உதாரணம்போல 9.5 கிராம் பெண்ணை 12 என்று காட்டக்கூடிய கருவியாக இருந்தாலும், அதை லேப்புக்கு மாற்று என்று எழுதி அச்சேற்றியிருக்கக்கூடும். முகம் தெரியாத ஒருவர் அதைத் தடுத்திருக்கிறார். பத்து நாள் ஜர்னலில் அந்த ஒருவர் இல்லை. ரிவ்யூவரைத் தேடவே எத்தனை வாரம் ஆகும் என்று மேலே சொன்னேன். ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்து நாளில் வெளியிடுவதாக உறுதி தருகிறவர் யாரிடமும் அனுப்பப் போவதில்லை.

பணம் வாங்குவதாலேயே ஒரு ஜர்னல் போலி ஆகிவிடாது; யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களும் கட்டணம் வாங்குகின்றன. சோதிக்க வேண்டியது வேறு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாகில் அந்தப் பெயரைப் போட்டு, அதன் மெட்லைன் பட்டியலில் தற்போது இண்டெக்ஸ் ஆகிறதா என்று பாருங்கள். ஸ்கோபஸ், டிஓஏஜே பட்டியல்களை அந்தந்தத் தளத்திலேயே தேடுங்கள். ஜர்னலின் முகப்பில் ஒட்டியிருக்கும் லோகோவை நம்பாதீர்கள். ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் நல்ல ஜர்னலின் பெயரையே திருடி வேறு தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் வருவது தகுதி ஆகாது. எடிட்டோரியல் போர்டில் உள்ள ஒருவருக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் இருப்பார்கள். அங்கே ஒரு முறை வெளிவந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல ஜர்னல் எதுவும் தொடாது. வாபஸ் கேட்டால் அதற்கும் பணம் கேட்பார்கள்.

எப்போதாவது உண்மையிலேயே வாபஸ் வாங்க நேர்ந்தால், எடிட்டரிடமிருந்து ஒப்புதல் மெயில் வந்த பிறகே வேறு இடத்துக்கு அனுப்புங்கள். இரண்டு ஜர்னல்களில் ஒரே நேரத்தில் இருப்பது தெரிந்தால் இரண்டும் நிராகரிக்கும். கல்லூரிக்கும் கடிதம் போகலாம்.

45 நாள் போதாது என்று தோன்றினால் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே எடிட்டருக்கு எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் கூடுதலாகப் பெரும்பாலும் கிடைக்கும். கெடு தாண்டினால் பல ஜர்னல்களில் சிஸ்டமே கட்டுரையை மூடிவிடும், அப்போது அது புதுக் கட்டுரையாக முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். திருத்திய கட்டுரை இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் திரும்பிப் போகும் என்று எதிர்பாருங்கள். இந்த முறை விரைவாக வரும். ஏற்கப்பட்டால் ப்ரூஃப் (வெளியாகும் முன் சரிபார்க்கும் பிரதி) வரும். திருப்ப இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். பெயர்களின் எழுத்து, டேபிள் எண்கள், அலகுகள், மைனஸ் குறிகள் ஆகியவற்றை மூலத்தோடு வைத்து இருவராகச் சரிபாருங்கள். எல்லைகளில் ஒரு மைனஸ் குறி விழுந்துபோனால் கட்டுரையின் பொருளே மாறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிராகரித்தால், ரிவ்யூவர் உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று கட்டுரையிலிருந்தே காட்ட முடிந்தால் மட்டும் அப்பீல் செய்யுங்கள். இல்லையென்றால் திருத்திய வடிவத்தையே அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள். பழைய வடிவத்தை அனுப்பாதீர்கள். உங்கள் துறையில் இந்தக் கருவிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. அடுத்த எடிட்டரும் அதே இரண்டாமவரையே கேட்க வாய்ப்பு அதிகம்.